உங்க செஸ் இன்ஜின் ராணியைச் சும்மா தூக்கிக் கொடுக்குதா? இப்படி செக் பண்ணுங்க!

சொந்தமா செஸ் இன்ஜின் எழுதிட்டீங்க. ஆனா, அது ராணியை அநியாயத்துக்குப் பறிகொடுக்குதா? பதறி எல்லாத்தையும் மாத்தாதீங்க. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எண்ணிக்கை: தொடக்க நிலையில் வெள்ளைக்கு 20 நகர்வுகள். கறுப்பின் பதிலையும் சேர்த்தால் 400 வழிகள். மூன்றாவது நகர்வில் 8,902, நான்காவதில் 1,97,281. இந்தச் சோதனைக்கு 'பெர்ஃப்ட்' என்று பெயர். ஒன்று குறைந்தாலும் கோளாறு தேடலில் இல்லை, நகர்வுப் பட்டியலில்தான். காஸ்லிங், ஆன்பசான் வரும் நிலைகளிலும் எண்ணிப் பாருங்க.

ஆல்பா-பீட்டா: தேவையற்ற கிளைகளை வெட்டி நேரத்தை மிச்சப்படுத்தும் முறை இது. இதை நிறுத்திவிட்டு அதே ஆழத்துக்குத் தேடினாலும் அதே மதிப்பெண்தான் வரணும். மாறினால், நல்ல கிளையையும் வெட்டுறீங்கன்னு அர்த்தம்.

எல்லை: மூன்று நகர்வோடு தேடல் நின்றால், கடைசியில் ராணியால் சிப்பாயை வெட்டியது லாபமாகத் தெரியும். அடுத்த நகர்வில் ராணியே போவது தெரியாது. வெட்டுகள் ஓயும்வரை தேடலை நீட்டுங்க.

பலன்: பத்து ஆட்டம் ஜெயிச்சா நம்பிடாதீங்க. ஸ்டாக்ஃபிஷ் குழு, தன்னார்வலர்களின் கணினிகளில் பழையதையும் புதியதையும் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் மோதவிட்ட பிறகே ஒரு மாற்றத்தை ஏற்கிறது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம் மட்டும் செய்யுங்க. அப்போதான் எது உதவியதுன்னு தெரியும்.