பெரும் படமும் சிறு திரையும்

கப்பல் கட்டுவோரிடம் பல தலைமுறைகளாக ஒரு வழக்கம் இருந்து வந்தது. கட்டப்படவிருக்கும் கப்பலின் வளைவுகளை, ஒரு பெருங்கூடத்தின் மரத்தளத்தின்மீது, உள்ளபடியான முழு அளவிலேயே அவர்கள் வரைந்தனர். வரைபவன் அப்படத்தின்மேல் நடந்தான். நுணுக்கமான ஓரிடத்தைப் பார்க்க வேண்டுமாயின் முழந்தாளிட்டுக் குனிந்தான். முழு வடிவையும் காண விரும்பினால் எழுந்து கூடத்தின் ஓரத்துக்குச் சென்று நின்றான். படம் அசையவில்லை, மனிதனே அசைந்தான். தான் படத்தின் எந்த மூலையில் நிற்கிறான் என்ற ஐயம் அவனுக்கு ஒருபோதும் எழுந்ததில்லை. அவனுடைய கால்களே அதனை அவனுக்கு அறிவித்தன.

காகிதத்தில் வரைந்த படவரைஞரின் நிலையும் பெரும்பாலும் இதுவே. கட்டடங்களுக்கும் பாலங்களுக்கும் பயன்படும் மிகப் பெரிய பொதுத் தாள்களுள் ஒன்று 841 மில்லிமீற்றர் அகலமும் 1,189 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அதனைப் பலகையில் விரித்து, ரீ சதுரமும் மூலைமட்டமும் கொண்டு வரைபவர், ஓரடி பின்வாங்கினால் முழுமையையும், குனிந்தால் பகுதியையும் கண்டார். ஒரு தாளில் அடங்காதவற்றுக்கு வேறு வழி கைக்கொள்ளப்பட்டது. முழுக் கட்டடமும் நூறில் ஒரு பங்காக ஒரு தாளில் அமையும்; அதன் படிக்கட்டோ சாளரமோ ஐந்தில் ஒரு பங்காக இன்னொரு தாளில் விரியும். ஒவ்வொரு படத்துக்கும் அதன் அளவுத்திட்டம் அருகிலேயே எழுதப்பட்டது. அந்த எழுத்தைப் பாராது எவரும் அளவெடுக்கத் துணியார்.

இந்த ஒழுங்கை அடியோடு மாற்றிய நிகழ்ச்சி 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்தது. ஐவன் சதர்லன்ட் என்னும் 24 வயது இளைஞர், மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்துக்குத் தம் கலாநிதிப் பட்ட ஆய்வுரையை அவ்வாண்டு சனவரியிற் சமர்ப்பித்தார். அது ‘ஸ்கெச்பாட்’ எனப்பட்ட வரைதல் முறையைப் பற்றியது. அந்நிறுவகத்தின் லிங்கன் ஆய்வுகூடத்தில் இருந்த ‘ரீஎக்ஸ்-2’ என்னும் கணனியில் அவர் அதனை இயக்கினார். ஒளிப்பேனா ஒன்றைத் திரையருகே பிடித்துக் கோடுகளை வரையவும், வரைந்தவற்றைத் திருத்தவும் அதனால் முடிந்தது.

அந்தத் திரையின் அளவு கவனித்தற்குரியது. அது 7 அங்குலச் சதுரமே. ஒரு பள்ளிச் சிறுவனின் கற்பலகையிலும் சிறியது. அதற்குள் ஒரு பெரும் படம் எவ்வாறு அடங்கும்? சதர்லன்ட் படத்தைத் திரைக்குள் அடக்க முயலவில்லை. திரையை ஒரு சாளரமாக்கினார். படம் கணனியின் நினைவகத்தில் எண்களாக இருந்தது. அதன் எப்பகுதி, எவ்வளவு பெரிதாகத் தோன்ற வேண்டும் என்பதை மேசைக்குச் சற்று மேலே பொருத்தப்பட்ட நான்கு கரிய குமிழ்கள் தீர்மானித்தன. பெருப்பித்தலின் எல்லை ஏறத்தாழ 2,000 மடங்கு. 7 அங்குலத்தை 2,000 மடங்காக்கினால் கிட்டத்தட்ட கால் மைல் ஆகும். எனவே, கால் மைல் நீளமும் கால் மைல் அகலமும் கொண்ட ஒரு தாளில், 7 அங்குலத் துண்டை மாத்திரம் பார்த்து வேலை செய்வதற்கு ஒப்பான வசதி அங்கே கிடைத்தது.

மனிதன் அசைய, படம் அசையாதிருந்த காலம் அன்றே மாறத் தொடங்கியது. இனி மனிதன் நாற்காலியில் அமர்ந்திருப்பான். படமே அவன் முன் நகரும், விரியும், சுருங்கும்.

ஆயினும் சாளரம் என்றால் அதற்கு வெளியே உள்ளதை மறைக்கவும் வேண்டும். கணனிக்கு இது எளிய காரியமன்று. ஆயிரக்கணக்கான கோடுகளுள் எவை சாளரத்துக்குள் விழுகின்றன, எவை விளிம்பில் வெட்டுப்படுகின்றன என்று ஒவ்வொன்றாகக் கணித்தாக வேண்டும். 1967ஆம் ஆண்டளவில் டனி கோகன் என்பவரும் சதர்லன்டும் இதற்கு ஒரு சுருக்கமான முறையை வகுத்தனர். சாளரத்தின் நான்கு பக்கங்களையும் நீட்டினால் வெளி ஒன்பது கட்டங்களாகப் பிரியும், நடுக்கட்டமே சாளரம். ஒரு கோட்டின் இரு முனைகளும் சாளரத்துக்கு இடப்புறமாகவே கிடந்தால், அக்கோடு சாளரத்தைத் தொட முடியாது. மேலும் ஆராயாமலே அதனை ஒதுக்கிவிடலாம். இரு முனைகளும் நடுக்கட்டத்தில் இருந்தால் முழுக்கோட்டையும் அப்படியே காட்டலாம். எஞ்சியவற்றை மட்டும் வெட்டிப் பார்த்தாற் போதும். இவ்விருவர் பெயராலும் வழங்கும் அம்முறை இன்றும் மாணவர்க்குக் கற்பிக்கப்படுகிறது.

1982ஆம் ஆண்டு ‘ஓட்டோகாட்’ என்னும் வரைதல் மென்பொருள் வெளிவந்தபோது, மேசைமேல் வைக்கத்தக்க சிறு கணனிகளிலும் படவரைஞர் வேலை செய்யலாயினர். பெருப்பித்தற்கும் நகர்த்தற்கும் தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. ஆனால் அக்காலச் சிறு கணனிகளின் வேகம் குறைவு. பெரிய படம் ஒன்றை முழுவதும் மீளக் கணித்து வரைந்து முடிக்கச் சில வேளைகளில் நிமிடங்கள் கழிந்தன. ஆதலால் படத்தைச் சுற்றிப் பார்ப்பதே ஒரு செலவாயிற்று. அனுபவமுள்ள படவரைஞர் அடிக்கடி வேண்டிய பகுதிகளுக்குப் பெயரிட்டுச் சேமித்து, அவற்றுக்கு நேரே தாவினர். அவ்வளவு காத்திருக்க மனமில்லாதவர் முன்னிருந்த பகுதியோடு நின்றுவிட நேர்ந்தது. பகுதியை மட்டும் பார்த்துத் திருத்துபவர், ஒரு சுவரை நகர்த்தும்போது அச்சுவர் தாங்கும் இன்னொன்றை மறத்தல் கூடும்.

இந்தத் தாமதத்தைத் தீர்க்க இரு வழிகள் துணைபுரிந்தன. கணனிகள் விரைவு பெற்றமை ஒன்று. தேடும் முறை திருந்தியமை மற்றது. ஒரு வெளியை நான்காகவும், அந்நான்கில் ஒவ்வொன்றையும் மீண்டும் நான்காகவும் பிரித்துப் பொருட்களை அடுக்கி வைக்கும் முறை 1974இல் வெளியிடப்பட்டது. அருகருகே உள்ளவற்றைப் பெட்டிக்குள் பெட்டியாக அடக்கும் இன்னொரு முறை 1984இல் வந்தது. நூலகத்தில் ஒரு நூலைத் தேடுபவர் எல்லாத் தட்டுகளையும் துழாவாது உரிய தட்டுக்கே செல்வது போல, கணனியும் சாளரத்துக்குரிய கோடுகளை மட்டும் எடுக்க இவை வகை செய்தன.

1996ஆம் ஆண்டு மைக்ரோசொவ்ற் நிறுவனம் சில்லுப் பூட்டிய சுட்டியை விற்பனைக்கு விட்டபின், அத்தகைய சுட்டிகள் பரவலாயின. வரைதல் மென்பொருள்கள் அச்சில்லையே பெருப்பித்தற் கருவியாக்கின. இங்கே ஒரு சிறு கணிதம் பெரும் பயன் தருகிறது. சுட்டி நிற்கும் புள்ளியை அசையாப் புள்ளியாக வைத்து, அதிலிருந்து ஏனைய புள்ளிகளின் தூரங்களை மட்டும் பெருக்கினால், பார்ப்பவர் சுட்டிய பொருள் சுட்டியின் கீழேயே நிற்கும். சுற்றியுள்ளவை விலகிச் செல்லும். குறித்த பொருளை நோக்கி நடந்து செல்வது போன்ற உணர்வு அதனால் உண்டாகிறது. கப்பற்கூடத்தில் நடந்தவனுடைய கால்களின் வேலையை ஒரு விரல் ஏற்றுக்கொண்டது எனலாம்.

எனினும் கால்கள் அறிவித்த ஒன்றை விரல் அறிவிக்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுசான் ஜூல், ஜோர்ஜ் ஃபேர்னாஸ் ஆகிய இருவர் 1998இல் இக்குறையை ஆராய்ந்து அதற்குப் ‘பாலைவன மூடுபனி’ என்று பெயரிட்டனர். அளவுக்கு மீறிப் பெருப்பித்து, இரு பொருட்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தில் புகுந்துவிட்டவர் முன் வெறுந்திரையே எஞ்சும். எத்திசையிற் செல்வது என்பதற்கு அங்கே ஒரு குறியும் இராது. முழுப் படத்தையும் ஒரே கட்டளையில் மீளக் காட்டும் வசதியும், மூலையில் முழுமையைச் சிறிதாகக் காட்டி நிற்குமிடத்தைக் குறிக்கும் சிறுபடமும் இம்மயக்கத்துக்கு மருந்தாக உதவுகின்றன.

இடத்தின் மயக்கத்தினும் நுண்ணியது அளவின் மயக்கம். திரையில் ஓர் ஆணியின் தலையும் ஓர் அரங்கின் தளமும் ஒரே பருமனில் தோன்றலாம். தாளின் ஓரத்தில் எழுதப்பட்டிருந்த அளவுத்திட்டம் அங்கே நிலையானதன்று. சில்லின் ஒவ்வோர் அசைவிலும் அது மாறுகிறது. பத்து மில்லிமீற்றர் இடைவெளி அகன்ற வாயிலாகத் தோன்றும். பத்து மீற்றர் மண்டபம் தீப்பெட்டியாகத் தோன்றும். கண் கூறுவதை நம்பாது எண்ணைக் கேட்டறிய வேண்டிய கடமை இதனால் வரைபவர்க்கு மிகுந்துள்ளது. வரைந்து முடித்த படத்தை ஒருமுறை தாளில் அச்சிட்டு மேசையில் விரித்துப் பார்க்கும் பழக்கத்தை இன்றும் பலர் கைவிடாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

சதர்லன்டுக்கு 1988இல் கணனித் துறையின் உயர்ந்த விருதாகிய ரியூரிங் விருது வழங்கப்பட்டது. அவர் 7 அங்குலத் திரையில் திறந்த சாளரம் இன்று நகரம் ஒன்றின் முழுத் திட்டத்தையும் காட்டவல்லது. ஆயினும் அச்சாளரம் எந்நேரமும் ஒரு பகுதியையே தெளிவாகக் காட்டும். எஞ்சிய பகுதியை மனத்தில் இருத்திக்கொள்ளும் பொறுப்பு, கப்பற்கூடத்தின் ஓரத்துக்குச் சென்று நின்று நோக்கியவனுக்கு இருந்தவாறே, சில்லை உருட்டுபவர்க்கும் இருந்து வருகிறது.