மகிழடிச் சூளுறவு

திருவொற்றியூர் மகிழடியிலே நம்பியாரூரர் சங்கிலியாருக்குச் சூளுறவு செய்ததும், அது தவறிக் கண்ணிழந்ததும் பிற்காலப் புனைந்துரையென்பாரும் உளர். அன்னார் முதற்கண் நோக்கற்பாலது நம்பிகளது தேவாரமேயாம். திருமுல்லைவாயிற் பதிகத்திலே, சங்கிலியார் பொருட்டுத் தம் கண் கொள்ளப்பட்டதை அவர் பெயர் சுட்டியே எடுத்தோதுகின்றார். நம்பிகள் 8ஆம் நூற்றாண்டினர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். ஆதலின் இச்செய்தி சேக்கிழார் தாமே படைத்ததன்று என்பது பெறப்படும்.

ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து, ஒற்றியூரிலே இறைவனுக்கு மாலை தொடுத்திருந்தவர் சங்கிலியார். நம்பிகள் ஆரூரில் மகிழ்ந்துறைபவராயிற்றே என்று கனவிலே இறைவனிடம் ஐயுற்று விண்ணப்பித்தார். பரவையார் அங்கிருத்தலின் அவ்வையம் தகுவதேயன்றோ? பிரியாமைக்குச் சூளுறுவான் என்றருளினான் இறைவன். நம்பிகளோ, தாம் சூளுறத் திருமுன் வருங்கால் மகிழின்கீழ் எழுந்தருளுமாறு தோழரை வேண்டினார். இறைவன் அதற்கும் உடன்பட்டு, மகிழடியிலேயே சூள் பெறுகவெனச் சங்கிலியார்க்கு உணர்த்திவிட்டான்! பிரியுங் கருத்து முன்னரே நம்பிகள் நெஞ்சில் இருந்தமை இதனால் தெளிவாம். பின்னர்த் தென்றல் வீச, ஆரூர் விழாவை நினைந்து ஒற்றியூரெல்லை கடந்தார்; கண்ணொளி மறைந்தது.

பிழை பொறுப்பர் என்னும் துணிவினாலே பிழைத்தேன் என்று திருவெண்பாக்கத்திலே அவர் பாடியதை அன்பர்கள் ஊன்றி நோக்குக. தென்றலின்மேலும் ஊழின்மேலும் பழியேற்றினாரல்லர். ஆரூர் வந்தபின் இறைவனையே கடிந்து பாடினாரே எனின், அது தோழமையின் உரிமை. வெண்பாக்கத்து வாக்கை அஃது அழித்துவிடாது.

வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். ஆயினும் பரவையார் வாயில் திறந்திலது. சங்கிலியார் செய்தி அறிந்து ஊடியிருந்த அவரைத் தெளிவிக்க இறைவனே இருமுறை தூது நடக்க வேண்டியதாயிற்று. இறைவன் அளித்த கண்ணும் அப்பெருமாட்டியின் மன்னிப்புக்கு ஈடாகவில்லை. இத்தூதினை விரித்துரைத்த சேக்கிழார், ஒற்றியூரிலே தனித்திருந்த சங்கிலியாரின் துயரை அங்ஙனம் விரித்திலர். அதனை எண்ணுந்தோறும் நெஞ்சு உறுத்துகின்றது.

ஒற்றியூர் அவ்வம்மையாரை மறந்ததன்று. இரண்டாம் இராசாதிராச சோழன் காலத்துக் கல்வெட்டொன்று, பங்குனி உத்திர விழாவிலே இறைவன் மகிழடியில் எழுந்தருளி ஆளுடைய நம்பி சரிதம் கேட்டருளியதைக் கூறுகின்றது. தன் தோழன் சூள் தவறிய கதையை, அச்சூள் நிகழ்ந்த மரத்தடியிலேயே இருந்து கேட்டான் போலும். இந்நாளில் மாசிப் பெருவிழாவிலே மகிழடிச் சேவை நடைபெற்று வருகின்றது.