திராட்சைத் தோலும் சந்திர ஒளியும்

கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டியைக் கடந்து சுருளி அருவிக்குச் செல்வோர் வழியெங்கும் திராட்சைப் பந்தல்களைக் காண்பர். பந்தலுக்குள் குனிந்து சென்று, தொங்கும் பன்னீர்த் திராட்சைக் குலையொன்றை உற்று நோக்குங்கள். பழம் முழுக் கறுப்பாகத் தோன்றாது. நீலம் கலந்த வெண்சாம்பல் படர்ந்தது போலிருக்கும். விரலால் ஒருமுறை தேய்த்தால் சாம்பல் மறைந்து கருந்தோல் பளபளக்கும். நகரத்தில் பழம் வாங்குவோர் பலர் இதனைப் பூச்சிமருந்தின் எச்சம் என்று அஞ்சுவதுண்டு. மருந்து தெளிப்பது உண்மையே. ஆயினும் இம்மென்பூச்சு பழம் தானே சுரக்கும் மெழுகாகும்.

மெழுகில் நீலச் சாயம் எதுவும் இல்லை. பின் அந்நிறம் எங்கிருந்து வந்தது? வழவழப்பான தோல் கண்ணாடியைப் போன்று ஒளியை ஒரே திசையில் திருப்பிவிடுகிறது, அதுவே பளபளப்பு. மெழுகின் நுண்துகள்களோ ஒளியை எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கின்றன. துகள் மிகச் சிறியதாயின் சிவப்பைவிட நீலத்தையே மிகுதியாகச் சிதறடிக்கும். 2024-ஆம் ஆண்டில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவுரிநெல்லி போன்ற கனிகளின் மெழுகைக் கரைத்தெடுத்து ஓர் அட்டையின் மேல் மீண்டும் படியச் செய்தபோது, அட்டையும் நீலமாகவே தோன்றிற்று. நிறம் பொருளில் இல்லை, அதன் நுண்ணமைப்பில் இருக்கிறது என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

திருப்புதல் வேறு, சிதறல் வேறு என்னும் இந்த நுட்பத்தை ஆராய்ந்தோரின் வரலாறு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீள்கிறது. பஸராவில் கி.பி. 965 அளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், சந்திரனின் ஒளியைப் பற்றித் தனி நூலொன்று இயற்றினார். சந்திரன் மெருகேற்றிய கண்ணாடியைப் போன்றது என்பது அக்காலத்தில் நிலவிய கருத்துகளுள் ஒன்று. கண்ணாடியாயின், உருண்டை வடிவான அதன்மேல் ஒரு சிறு பகுதியிலிருந்து மட்டுமே சூரிய ஒளி நம்மை வந்தடைய வேண்டும். நாமோ ஒளிபட்ட முகம் முழுவதையும் காண்கிறோம். ஆகவே ஒளிபட்ட ஒவ்வொரு புள்ளியும் எல்லாத் திசைகளிலும் ஒளியை அனுப்புகிறது என்று அவர் நிறுவினார். தொலைநோக்கி இல்லாத காலம் அது! 1969-இல் மனிதன் அங்கே காலூன்றியபோது, அடிச்சுவடு பதியும் அளவுக்கு நுண்பொடி படர்ந்த தரையாக அது இருக்கக் கண்டான்.

அவருக்கும் முன்னே, ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்கிந்தீ, வானம் ஏன் நீலம் என்பதை ஆராய்ந்தார். காற்றில் கலந்துள்ள மண்துகள்களும் ஆவியும் ஒளிபெற்று, அப்பாலுள்ள இருளோடு கலப்பதால் நீலம் தோன்றுகிறது என்பது அவர் கொள்கை. இன்றைய அறிவியலை அவர் அன்றே சொல்லிவிட்டார் என்று மேடைகளில் முழங்குவோர் நம்மிடையே உண்டு. அது மிகை. தூசி வேண்டியதில்லை, காற்றின் மூலக்கூறுகளே போதும் என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ராலே பிரபுவே தெளிவுபடுத்தினார். நீலம் வானின் சொந்த நிறமன்று, இடையில் உள்ளவற்றின் வேலை என்று கண்டதே அல்கிந்தீயின் பெருமை. அதற்கு மேல் நாம் ஏற்றிச் சொல்லும் புகழ் அவருக்குத் தேவையில்லை.

ராலேயும் ஓரிடத்தில் சறுக்கினார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்பது அவர் முடிவு. 1921-இல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ என்னும் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சர் சி.வி. இராமன் இதனை ஐயுற்றார். அவர் கையிலிருந்த நிக்கல் பட்டகம் என்னும் சிறு படிகத்தின் வழியே தக்க கோணத்தில் நோக்கினால், நீர்ப்பரப்பு திருப்பியனுப்பும் ஒளி அடங்கிவிடும். பிரதிபலிப்பு மறைந்த பின்னும் நீலம் மறையவில்லை. முன்னிலும் அழகாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று தெளிந்தார்.

அக்கேள்வியே கல்கத்தாவில், பௌபஜார் தெருவிலிருந்த ஆய்வுக்கழகத்தில், ஏழாண்டு உழைப்பாக வளர்ந்தது. இங்கே நம் பள்ளத்தாக்கினர் நினைவிற்கொள்ள வேண்டிய ஒருவர் வருகிறார். சுருளிப்பட்டியிலிருந்து கிழக்கே தெரியும் மேகமலை, வருசநாட்டு மலைகளைத் தாண்டினால், மறு அடிவாரத்தில் வத்திராயிருப்பு இருக்கிறது. அவ்வூரில் 1898-இல் பிறந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று இராமனிடம் சேர்ந்தார். 1928 பிப்ரவரியில், வடிகட்டிய சூரிய ஒளியைத் தூய்மை செய்த திரவங்களில் பாய்ச்சி, சிதறிய ஒளியில் சிறு பங்கு நிறம் மாறி வருவதை இருவரும் கண்டனர். அறுபது அளவு திரவங்களில் இதனைச் சோதித்ததாக எழுதினர். பிப்ரவரி 28 அன்று நிறமாலைநோக்கி கொண்டு பார்த்தபோது ஐயம் அகன்றது. அந்நாட்களில் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பு, அவ்வாய்வுக்கூடத்தில் என்ன நடந்தது என்பதற்கு நேர்ச்சான்றாக உள்ளது.

‘நேச்சர்’ இதழில் 1928 மார்ச் 31 அன்று வெளிவந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் உண்டு. 1930-இன் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. விளைவும் அவர் பெயரையே தாங்கிற்று. கேள்வியை எழுப்பி, ஏழாண்டு விடாது துரத்தியவர் இராமன் என்பதால் அது தவறென்று நாம் சொல்லமாட்டோம். தம் நோபல் உரையில் கிருஷ்ணனின் பங்கை அவரே குறிப்பிட்டார். ஆயினும் பள்ளிப் பாடங்களில் கிருஷ்ணனின் பெயரைத் தேடித்தான் காணவேண்டியிருக்கிறது. பின்னாளில் அவர் தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகி, 1961-இல் மறைந்தார். பரிசில் தமக்குப் பங்கு கிடைக்கவில்லை என்று அவர் வாதாடவுமில்லை. மாலையில் சுருளிப்பட்டிப் பந்தல்களின் ஓரம் நின்று கிழக்கே பார்த்தால், அவர் ஊரை மறைத்து நிற்கும் அந்த மலைகள் நீலமாகத் தெரியும்.