லிப்பாரியின் மண்முகங்கள்

சிசிலிக்கு வடக்கே கடலினின்று எழுந்து நிற்கும் எரிமலைத் தீவுக் கூட்டத்துள் பெரியது லிப்பாரி. கி.மு. 580-ஆம் ஆண்டளவில் ஆசியா மைனரின் கினிடோஸ் நகரிலிருந்தும் ரோட்ஸ் தீவிலிருந்தும் கலமேறி வந்த கிரேக்கர் இங்குக் குடியேறினர். அத்தீவின் கோட்டைக் குன்றின்மேல் அமைந்த தொல்பொருட் காட்சிசாலையை, கிரேக்க நாடகத்தை அறிய விழைவோர் ஏதென்ஸுக்கு அடுத்தபடியாக நாடத் தக்க இடம் என்பேன்.

ஏதென்ஸில் அரங்கு எஞ்சியிருக்கிறது; ஆடியவர் முகங்கள் இல்லை. கிரேக்க நடிகர் அனைவரும் ஆடவர். கிழவனாயினும் கன்னியாயினும் முகமூடி அணிந்தே ஆடினர். துணி முதலிய அழியும் பொருள்களாலான அம்முகமூடிகளுள் ஒன்றேனும் இன்று இல்லை. நாடகங்களின் கதியும் ஏறத்தாழ அதுவே. சோபகிளிஸ் இயற்றியவை நூற்றுக்கு மேல்; முழுமையாகக் கிடைத்தவை 7. இன்பியல் நாடக ஆசிரியர் மெனாந்தரும் நூற்றுக்கு மேல் எழுதினார். எகிப்தில் கிடைத்த பாபிரஸ் ஏட்டிலிருந்து 1958-இல் பதிப்பிக்கப்பெற்ற 'திஸ்கோலோஸ்' ஒன்றே ஏறத்தாழ முழுமையாக உளது.

லிப்பாரியின் பழைய இடுகாட்டை அகழ்ந்த லூயிஜி பெர்னபோ பிரேயாவும் மதலேன் கவாலியேயும் கண்டெடுத்தவை, சுட்ட மண்ணாலான நூற்றுக்கணக்கான சிறு முகமூடிகளும் நடிகர் உருவங்களும். முகத்தில் அணிவதற்கன்று, இறந்தோர்க்குப் படைப்பதற்காகச் செய்யப்பெற்றவை. நாடகத் தெய்வமான டயோனிசஸ் மறுமையிலும் துணைநிற்பான் என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணமாகலாம். இத்தனையும் நடிகர் கல்லறைகளாக இருக்க இயலாது. நாடகத்தைக் கண்டு களித்த குடிகளே இவற்றைத் தம் உறவினரோடு புதைத்தனர் எனல் பொருந்தும். முதற் பியூனிக் போரின்போது, கி.மு. 252-ஆம் ஆண்டளவில் ரோமானியர் இந்நகரை அழித்தனர். ஆகவே இவை அதற்கு முற்பட்டவை; பல மெனாந்தர் காலத்தையும் அதையடுத்த காலத்தையும் சேர்ந்தவை.

இம்முகங்களை இன்னார் என அறிந்த வகை சுவையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் போலக்ஸ் என்பார் தொகுத்த சொற்களஞ்சியத்தில், புதிய இன்பியல் நாடகத்துக்குரிய முகமூடிகள் 44 விவரிக்கப்பட்டுள்ளன: கிழவர் 9, இளைஞர் 11, அடிமைகள் 7, பெண்டிர் 17. மூக்கின் வளைவும், முடியின் நிறமும், புருவத்தின் நெறிப்பும் கூட அதில் உண்டு. அவ்வுரையைக் கையிற்கொண்டு பெர்னபோ பிரேயா மண்முகங்களுக்குப் பெயரிட்டார். இன்பியலில் அம்முயற்சி பெரிதும் வென்றது. துன்பியல் முகங்களை இன்ன நாடகத்தின் இன்ன பாத்திரம் என அவர் துணிந்த இடங்களில் ஆர்வம் சான்றை மிஞ்சிவிட்டது என்றே தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் குறிப்பிடுவேன். குடும்பத் தலைவனான கிழவனின் வலப்புருவம் உயர்ந்திருக்கும் என்கிறார் போலக்ஸ். அதன் பயனை ரோமானிய ஆசிரியர் குவிந்திலியன் விளக்குகிறார்: தந்தை சில வேளை சினப்பான், சில வேளை கனிவான், நடிகன் அவ்வக் காட்சிக்கேற்ற பக்கத்தையே அவையோர்க்குக் காட்டுவான். மகனைக் கடிவதற்கு ஒரு பக்கம், மன்னிப்பதற்கு மறுபக்கம்! ஏட்டில் மட்டும் இருந்த அந்த ஏறிய புருவம், லிப்பாரியில் உள்ளங்கையளவு மண்ணில் இன்றும் ஏறியபடியே இருக்கிறது.