கொரோனா காலத் திருமணங்கள் (தமிழ்நாடு)

கொரோனா காலத் திருமணங்கள் (2020–2022) என்பவை கொரோனா பெருந்தொற்றை ஒட்டி அரசு விதித்த கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு நடந்த திருமணங்கள். யாரை அழைப்பது, எத்தனை பேரை அழைப்பது என்பதை வழக்கமாகக் குடும்பங்களே முடிவு செய்யும். இக்காலத்தில் அந்த எண்ணிக்கையை அரசாணை முடிவு செய்தது. அதனால் அழைப்பு, விருந்து, மொய் ஆகிய வழக்கங்கள் மாறின. திருமணத் தொழில்களைச் சார்ந்தோர் வருமானம் இழந்தனர்.

பின்னணி

தமிழ்நாட்டில் திருமணத்தைச் செல்லுபடியாக்கப் பெருங்கூட்டம் தேவையில்லை. 1967-ல் இயற்றப்பட்டு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்தின்படி, உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மணமக்கள் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும். தாலி கட்டினாலும் போதும். ஆனால் சமூக வழக்கம் வேறு. தாய்மாமன் சீர், பங்காளிகளின் உரிமை, சம்பந்தி வீட்டார் மரியாதை ஆகியவை பலர் அறிய நிறைவேற்றப்பட வேண்டியவை. வெற்றிலை பாக்கு வைத்து நேரில் அழைக்காவிட்டால் அது தலைமுறை கடந்த மனத்தாங்கலாக நீளும். எனவே சில நூறு பேர் திரள்வது நடுத்தரக் குடும்பங்களிலும் இயல்பு.

முதல் அலை

2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. பங்குனியின் இறுதி முகூர்த்தங்களும் சித்திரை, வைகாசி மாதத் திருமணங்களும் இதில் சிக்கின. மண்டபத்துக்கும் சமையலுக்கும் முன்பணம் கொடுத்தவர்கள் நாளைத் தள்ளிவைப்பதா, வீட்டு வாசலில் எளிமையாக முடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. குறித்த முகூர்த்தத்தைத் தவறவிடக் கூடாது என்ற நம்பிக்கையும், ஆடி மாதத்தில் திருமணம் செய்யாத வழக்கமும் பலரை இரண்டாவது வழிக்குத் தள்ளின.

ஏப்ரல் நடுவில் மத்திய உள்துறை வெளியிட்ட நெறிமுறைகள் திருமணங்களை மாவட்ட நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில் வைத்தன. மே 4 முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகள் திருமணத்துக்கு 50 பேர், இறுதிச் சடங்குக்கு 20 பேர் என வரம்பு விதித்தன. அதே மே 4 அன்று மதுரை மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இல்லாமல் சில பட்டர்களுடன் நடந்து, இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பானது. ஆண்டுதோறும் அந்நேரத்தில் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள் அவ்வாண்டு வீட்டிலிருந்தபடியே மாற்றிக்கொண்டனர். மனிதர்களின் திருமணங்களும் விரைவில் கைப்பேசி நேரலைக்கு வந்தன.

மாவட்டம் விட்டு மாவட்டம் செல்ல இ-பாஸ் கட்டாயமானது. திருமணம், இறப்பு, மருத்துவம் ஆகிய காரணங்களுக்கு அது வழங்கப்பட்டது. திருமணத்துக்கு விண்ணப்பித்தவர்கள் பத்திரிகையை ஆவணமாக இணைத்தனர். உறவை அழைப்பதற்காக அச்சடிக்கும் பத்திரிகை, சோதனைச் சாவடியில் காட்டும் சான்றானது. மாநில எல்லையைக் கடப்பது இன்னும் கடினம். 2020 ஜூனில் கேரள மணமகனுக்கும் தமிழ்நாட்டு மணமகளுக்கும் சின்னாறு சோதனைச் சாவடி அருகே சாலையிலேயே திருமணம் நடந்தது. செப்டம்பர் 1 அன்று மாநிலத்துக்குள் இ-பாஸ் முறை நீங்கியது, கோயில்களும் திறந்தன.

இரண்டாம், மூன்றாம் அலைகள்

2021 ஏப்ரல் 10 முதல் திருமணத்துக்கு 100 பேர் என்ற வரம்பு வந்தது. ஏப்ரல் 26 முதல் அது 50 ஆகக் குறைந்தது. மே மாத முழு ஊரடங்கின் நடுவே தரப்பட்ட குறுகிய தளர்வைப் பயன்படுத்தி, மே 23 அன்று மதுரையிலிருந்து புறப்பட்ட வாடகை விமானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உறவினர் முன்னிலையில் ஒரு திருமணம் நடந்தது. முகக்கவசமும் இடைவெளியும் இன்றி எடுக்கப்பட்ட படங்கள் பரவியதால் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் விசாரணைக்கு உத்தரவிட்டது.

2022 ஜனவரியில் மீண்டும் 100 பேர் வரம்பு வந்தது. பிப்ரவரி 6 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் நடந்த ஒரு திருமணத்தின் வரவேற்பு மெட்டாவெர்ஸ் எனப்படும் மெய்நிகர் வெளியில் நடத்தப்பட்டது. மணமகளின் மறைந்த தந்தையின் உருவமும் அதில் இடம்பெற்றது. வரம்பு அதே பிப்ரவரியில் 200 ஆகவும், மார்ச்சில் 500 ஆகவும் உயர்ந்தது.

மொய்

மொய் அன்பளிப்பாகத் தெரிந்தாலும் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை. யார் எவ்வளவு செய்தார் என்பது மொய் நோட்டில் பதிவாகும். அவர் வீட்டு விசேஷத்தில் அதைக் குறையாமல் செய்ய வேண்டும். பல ஆண்டுகள் பிறருக்கு மொய் செய்த குடும்பம், தன் வீட்டுத் திருமணத்தில் அது திரும்பி வரும் என்று நம்பியே செலவைத் திட்டமிடும். ஐம்பது பேர் வரம்பில் விருந்துச் செலவு குறைந்தது. வர வேண்டிய மொய்யும் தேங்கியது. புதுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்துகளும் பாதிக்கப்பட்டன.

இந்தச் சிக்கலுக்குச் சிலர் கண்ட வழி மின்னணுப் பணம். 2021 ஜனவரியில் மதுரையில் நடந்த ஒரு திருமணத்தின் பத்திரிகையில் மொய் செலுத்துவதற்கான கியூஆர் குறியீடு அச்சிடப்பட்டிருந்தது. வர முடியாதவரும் கடனைத் தீர்க்க இது உதவியது.

தொழில்கள்

நாதஸ்வரம், தவில் கலைஞர்களுக்குத் தை முதல் வைகாசி வரையிலான முகூர்த்தங்களும் கோயில் திருவிழாக்களுமே ஆண்டின் முதன்மை வருமானம். 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் வசந்தகாலப் பருவம் ஊரடங்கில் போனது. கல்யாணச் சமையல்காரர், பரிமாறுவோர், பந்தல் அமைப்பவர், பூக்கட்டுவோர், அச்சகத்தார், ஒளிப்படக்காரர் ஆகியோரும் வேலை இழந்தனர். ஐம்பது பேருக்கான சமையலை வீட்டுப் பெண்களே செய்துவிட முடிந்ததால், திருமணங்கள் மீண்டும் நடக்கத் தொடங்கியபோதும் இவர்களுக்கு வேலை உடனே திரும்பவில்லை.

குழந்தைத் திருமணங்கள்

எளிய திருமணத்துக்கு மற்றொரு முகமும் இருந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, குடும்ப வருமானம் நின்றது, குறைந்த செலவில் திருமணத்தை முடிக்கலாம் என்ற நிலை வந்தது. சிறுமிகளின் திருமணம் குறித்த புகார்கள் 1098 உதவி எண்ணுக்கு வந்தன. வழக்கமான காலத்தில் மண்டபம், பத்திரிகை, ஊர்க்கூட்டம் ஆகியவற்றால் திருமணச் செய்தி வெளியே தெரியும். ஆசிரியரோ அண்டை வீட்டாரோ தகவல் கொடுக்க வாய்ப்புண்டு. வீட்டுக்குள் சிலர் முன்னிலையில் நடக்கும் திருமணத்தில் அந்தக் கண்காணிப்பு இல்லை.

பின்விளைவு

கட்டுப்பாடுகள் நீங்கியபின் பெரிய திருமணங்கள் திரும்பின. தள்ளிவைக்கப்பட்ட வரவேற்புகளைச் சிலர் பின்னர் நடத்தினர். நேரலையும், வாட்ஸ்அப்பில் அனுப்பும் அழைப்பும், மின்னணு மொய்யும் நிலைத்தன. எனினும் நெருங்கிய உறவினருக்கு நேரில் சென்று பத்திரிகை வைக்கும் வழக்கம் தொடர்கிறது. ஐம்பது பேரிலும் திருமணம் செல்லும் என்பதை இக்காலம் காட்டியது; கூட்டத்தைச் சார்ந்திருந்த கொடுக்கல் வாங்கலுக்கும் பிழைப்புக்கும் அது மாற்று தரவில்லை.