வழியும் வழியறிந்தோரும்: கெலிஓயாவிலிருந்து ஒரு நோக்கு

கெலிஓயாவிலிருந்து மோட்டார் சைக்கிள் பவனியொன்றை நடத்த விரும்புவோர் இன்று முதலில் நாடுவது கணினித் திரையையே. தேசப்பட மென்பொருளிலே புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் குறித்த மாத்திரத்தில், பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-5 பெருந்தெரு ஒரு கோடாக விரிகின்றது. தூரமும் ஏற்றமும் உடன் தெரிகின்றன. அக்கோட்டை ஜீ.பி.எஸ். கருவிக்கு மாற்றிக் கைபிடியிற் பொருத்திவிட்டால் ஆயத்தம் முடிந்ததென்பர். ஆயின் மென்பொருள் வழியைக் கண்டுபிடிப்பதில்லை. முன்னர் எவரோ நடந்து, அளந்து, பதிந்துவைத்த பாதைகளுள் ஒன்றை அது தெரிவுசெய்கின்றது, அவ்வளவே. அந்த 'எவரோ' யார், அவர்கள் எந்நோக்கத்துடன் பதிந்தனர் என்பதே ஈண்டு நாம் நோக்க விழைவது.

கண்டியரசு பாதைகளை வெளிப்படுத்துவதிலும் மறைப்பதிலேயே கருத்தாயிருந்தது. மலைக்கணவாய்களில் முட்கதவுகள் இடப்பட்டுக் காவல் வைக்கப்பட்டது. ஒருவர் பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒடுங்கிய வழிகள் வேண்டுமென்றே அகலப்படுத்தப்படாது விடப்பட்டன. இதனை விரிவாக எழுதிவைத்தவர் 1660இற் சிறைப்பட்ட ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ். அவர் தம் சிறைவாழ்வின் பிற்பகுதியைக் கழித்த எலதெத்தக் கிராமம், கெலிஓயாவுக்கு அண்மையிலுள்ள உடுநுவரைப் பகுதியைச் சார்ந்தது. நிலப்படம் ஏதுமின்றி அவர் தப்பிய முறை கவனத்துக்குரியது. சில்லறை வியாபாரியாக ஊரூராகத் திரிந்து, பண்டம் விற்கும் பாவனையில் வழிகளை விசாரித்து, பல ஆண்டுகளாக அவற்றை நினைவில் அடுக்கினார். 1679 செப்ரெம்பர் 22ஆம் நாள் தோழர் ஒருவருடன் புறப்பட்டு, அனுராதபுரத்தைத் தாண்டி, மல்வத்து ஓயாவைத் தொடர்ந்து, ஒக்ரோபர் 18ஆம் நாள் மன்னார்ப் பகுதியின் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். பவனிக்கு முன்னர் 'வழிபார்க்க'ச் செல்லும் இன்றைய இளைஞர் செய்வதும் அடிப்படையில் இதுவேயாகும். அவர்களுக்கு உயிரச்சம் இல்லையென்பதே வேறுபாடு.

1815இன் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. மறைக்கப்பட்டிருந்த நாட்டைத் திறந்து அளப்பது ஏகாதிபத்தியத்தின் முதற்றேவையாயிற்று. முதலிற் படைகள் செல்லவேண்டியிருந்தது. பின்னர் கோப்பி இறங்கவேண்டியிருந்தது. 1800இல் நிறுவப்பட்ட நில அளவைத் திணைக்களமும், 1820இல் வாலிபப் பருவத்திலேயே கடுகண்ணாவைத் தெருவேலைக்கு வந்த தோமஸ் ஸ்கின்னரும் இப்பணியின் இரு கைகள் எனலாம். கம்பளைக்கு அண்மையிலும் பேராதனைக்கு அப்பால் கன்னொறுவையிலும் 1820களிற் கோப்பி பயிரிடப்பட்டது. 1833இற் பேராதனையில் மகாவலிக்கு மேலாக முதிரைமரப் பாலம் எழுந்தது. அப்பாலத்தை அமைத்த பிரேசரின் பெயரிலேயே இலங்கையின் பெரிய தேசப்படமும் 1862இல் வெளிவந்தது. புகையிரதம் 1867இற் கண்டியையும், கெலிஓயா வழியாக 1874இல் நாவலப்பிட்டியையும் எட்டியது. திரையில் விரியும் கோடு இவ்வரலாற்றின் படிவே. அது தோட்டத்தையும் துறைமுகத்தையும் இணைக்க வளைந்த கோடு. ஊரையும் ஊரையும் இணைக்க எழுந்ததன்று.

தெரு வரைந்தோரின் பெயர்கள் எமக்குக் கிடைக்கின்றன. நடந்தோரின் பெயர்கள் கிடைப்பதில்லை. நொக்ஸ் தப்பியோடிய திசைக்கு நேரெதிராக, ஒன்றரை நூற்றாண்டின் பின், தமிழகத்தின் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, ஏறத்தாழ 150 மைல் காட்டினூடாக மாத்தளைக்கும் அங்கிருந்து மலைகளுக்கும் நடந்தனர். வாந்திபேதியாலும் பட்டினியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். இவர்களுக்குக் கங்காணியின் நினைவே வழிகாட்டி. தோட்டத்தை அடைந்தபின் லயனுக்கும் மலைக்குமிடையே தம் கால்களாற் குறுக்குப் பாதைகளை உண்டாக்கினர். ஆங்கிலேயத் துரை சூட்டிய பெயருக்குப் பக்கத்தில் தோட்டத்துக்குத் தமக்குரிய தமிழ்ப் பெயரையும் வழங்கினர். அளவையாளரின் தாளில் ஏறியது பெரும்பாலும் துரையின் பெயரே. லயன்கள் பெயரற்ற சிறு கறுப்புக் கட்டங்களாயின.

செய்மதி வந்ததும் இது மாறிவிட்டதா? ஜீ.பி.எஸ். அமெரிக்க இராணுவத்தின் ஆக்கம் என்பதை மறத்தலாகாது. 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்குரிய சமிக்ஞை வேண்டுமென்றே பிழைபடுத்தப்பட்டிருந்தது; கண்டியரசன் இட்ட முட்கதவின் வான்வடிவம் எனலாம். அது நீங்கியபின் கருவி சில மீற்றர் நுட்பத்துடன் இடம் காட்டுகின்றது. எனினும் நடைமுறைச் சிக்கல்கள் உள. நம் பழைய இடவிளக்கப்படங்கள் கண்டாவல என்னும் அளவை ஆதாரத்தில் அமைந்தவை. புவியின் வடிவத்தைச் செய்மதி முறை வேறுவிதமாகக் கொள்வதால், உரிய மாற்றமின்றி ஒருமைல்-ஓரங்குலத் தாளைக் கணினியில் ஏற்றினால் தெரு நூறு மீற்றருக்கும் மேலாக விலகி நிற்கும். மலைச்சரிவில் நூறு மீற்றர் என்பது வேறொரு தெருவாகும். அன்றியும், திட்டமிட்ட 'வழி' வேறு, உண்மையில் ஓடிப் பதிந்த 'தடம்' வேறு. முன்னையதிற் சில புள்ளிகளே உள்ளன. இடைப்பட்டதைக் கருவி தன் படத்தைக் கொண்டு தானே மீளக் கணிக்கும். படத்தில் தோட்டத்துப் பாதை பொதுத்தெருவாகக் குறிக்கப்பட்டிருப்பின், பவனி பூட்டிய படலையின் முன்னே சென்று நிற்கும். ஆகவே அனுபவமுள்ளோர் தடத்தையே நம்புவர். உலகப் புகழ்பெற்ற டக்கார் ஓட்டப் போட்டியிலோ ஏற்பாட்டாளர் முழுவழியையும் அறிவர்; ஓட்டுநருக்கு வேண்டிய அளவே வெளிப்படுத்தப்படுகின்றது. வழியறிவைப் பங்கிடும் அதிகாரம் விளையாட்டிலும் உண்டு.

தடமே எமக்கு நம்பிக்கை தருவது. 2004இல் தொடங்கிய ஓப்பன் ஸ்ரீற் மப் என்னும் திறந்த தேசப்படத்தில், சென்றுவந்தவர் தம் தடத்தைக் கொண்டு பாதையை வரையலாம்; ஒரே இடத்துக்குச் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே பெயர் இடலாம். இது வெறும் பொழுதுபோக்கன்று. லயனில் வாழ்வோருக்குத் தனி முகவரி இல்லாமையாற் கடிதம் தோட்டத்து அலுவலகத்துக்குச் செல்லும் வழக்கம் நீண்டகாலம் நீடித்தது. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் மீரியபெத்தையில் மண்சரிந்து லயன்களை மூடியபோது, உள்ளே அகப்பட்டோர் எத்தனைபேர் என்பதிலேயே தொடக்கச் செய்திகள் பெரிதும் முரண்பட்டன.

கெலிஓயாவுக்கு மேற்கேயுள்ள இலங்காதிலகப் பாறையில், பதினான்காம் நூற்றாண்டிலேயே நிலதானம் சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டது. கலஹாவுக்கோ தெல்தோட்டைக்கோ பவனி செல்வோர், வழிபார்க்கும் நாளில் ஒவ்வொரு பிரிவிலும் வண்டியை நிறுத்தி, கொழுந்தெடுக்கும் பெண்களிடம் அவ்விடத்தின் பெயரையும், மழைக்காலத்தில் எப்பாதை சறுக்கும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் கிடைக்கக்கூடும். அவை அனைத்தையும் பதிவதற்குப் படத்தில் இடமுண்டு.