கல்வெட்டுல பேர் இல்லாத எங்க அத்தை

ஆடித் திருவிழா மலருக்கு நம்ம மாரியம்மன் கோயில் வரலாறு எழுதித் தரச் சொல்லி நிர்வாகத்துல கேட்டிருந்தாங்க. பழைய கணக்குப் புத்தகம், கல்வெட்டு எல்லாத்தையும் பார்த்தேன். தலைவர், செயலாளர், பெரிய கிராணி, நன்கொடை கொடுத்த கடைக்காரர்னு எல்லாப் பேரும் இருக்கு. கோயிலுக்குக் கல்லு சுமந்த பொம்பளைங்க பேர் ஒண்ணு கூட இல்ல. அவங்கள்ல ஒருத்தர் எங்க அத்தை. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையா படிங்க.

அத்தைன்னா என் தாய்மாமன் சம்சாரம். தஞ்சாவூர் ஜில்லாவுல பொறந்தவங்க. 1951-ல, 18 வயசுல, கல்யாணம் ஆன மூணாம் மாசம் நாகப்பட்டினத்துல ரஜுலா கப்பல் ஏறினாங்க. நம்ம பெரியவங்கள்ல நிறைய பேர் அந்தக் கப்பல்ல வந்தவங்கதான். 1926-ல கட்டின கப்பல் அது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு 1970-கள் வரைக்கும் ஓடிச்சு. தளத்துல பாய் விரிச்சுப் படுத்து, ஒரு வாரம் வாந்தியோட வந்து பினாங்குல இறங்கினதா அத்தை சொல்வாங்க. டிரங்குப் பெட்டியில ரெண்டு சேலை, ஒரு பித்தளைச் செம்பு, ஊர் மாரியம்மன் கோயில் திருநீறு ஒரு முடிச்சு. அவ்வளவுதான்.

கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டிட்டு வந்த காலம் அப்ப முடிஞ்சு போச்சு. 1938-லயே இந்திய அரசாங்கம் தோட்டக்கூலிக்கு ஆள் அனுப்புறத நிறுத்திடுச்சு. சண்டைக்கு அப்புறம் வந்தவங்கள்ல அத்தை மாதிரி கட்டிக்கிட்டு வந்த பொண்ணுங்க நிறைய.

அவங்க வந்து சேர்ந்தது அவசரகாலத்துல. 1948-லேர்ந்து 1960 வரைக்கும் கம்யூனிஸ்ட் சண்டை. லயத்தைச் சுத்தி முள்வேலி, ராத்திரி ஊரடங்கு, அரிசி அளந்துதான் கொடுப்பாங்க. “ஊர்ல பசி இருந்துச்சு, ஆனா வேலி இல்லடா தம்பி”ன்னு அத்தை சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு.

விடிகாலை இருட்டுல பெரட்டு. கைப்பிள்ளைய ஆயாக் கொட்டகையில விட்டுட்டு நிரைக்குப் போகணும். ஒரு ஆளுக்கு 300, 400 மரம். வெட்டி முடிச்சு, மங்குல இருக்கிற பால எல்லாம் வாளியில ஊத்தி, காண்டா போட்டுத் தூக்கிட்டு ஸ்டோருக்கு நடக்கணும். மழை பேஞ்சா மரம் வெட்ட முடியாது, அன்னிக்கு வருமானமும் கிடையாது. இதுக்கு நடுவுலதான் கோயில்.

முதல்ல மரத்தடியில ஒரு சூலம் மட்டும்தான் இருந்துச்சாம். அப்புறம் மாசா மாசம் சம்பளத்துல கோயில் பணம் பிடிச்சு, தகரக் கூரை போட்டாங்க. அடித்தளத்துக்குக் கல்லு வேணும்னு வந்தப்ப, பால் வேலை முடிஞ்சு வந்த பொம்பளைங்க ஆத்துலேர்ந்து வாளியிலயே கல்லு தூக்கிட்டு வந்தாங்க. அத்தைக்கு அப்ப ரெண்டாவது பிள்ளை வயித்துல அஞ்சு மாசம். ஆடி வெள்ளிக்கு வீட்டுக்கு ஒரு டின் கேப்பை மாவுன்னு வாங்கி, பொதுவா கூழ் காய்ச்சிற பழக்கத்தையும் அவங்கதான் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு நாம ஊத்துற கூழ் அந்தக் கூழ்தான்.

1957-ல மெர்டேக்கா வந்துச்சு. ஒரு வருஷத்துக்குள்ள மனு போட்டா மொழிப் பரீட்சை இல்லாமலே குடியுரிமை வாங்க வழி இருந்துச்சு. தோட்டத்துல பலர் போடல. நாலு காசு சேர்த்துக்கிட்டு ஊருக்குப் போயிடுவோம்னு நெனப்பு. எங்க மாமாவும் அப்படித்தான் இருந்துட்டார். 1964-ல மாமா போய்ச் சேர்ந்தார். அத்தை கையில மூணு பிள்ளைங்க, சிவப்பு ஐசி.

1969-ல அடுத்த இடி. குடியுரிமை இல்லாதவங்க வேலை செய்யணும்னா பெர்மிட் வேணும்னு சட்டம் வந்துச்சு. ஆயிரக்கணக்கான பேர் மூட்டை கட்டிட்டு ஊருக்குத் திரும்பினாங்க. எங்க லயத்துல மட்டும் நாலு குடும்பம். அத்தையோட அண்ணனும் ஊர்லேர்ந்து கடுதாசி போட்டார், வந்துடு தாயின்னு. அத்தை பதில் எழுதச் சொன்னது ரெண்டே வரி: “எம் பிள்ளைங்க பொறந்த மண்ணு இது. ஆத்தாவுக்குக் கூழ் காய்ச்ச ஆள் வேணும், நான் வரல.” பெர்மிட் எடுத்துக்கிட்டு மரம் வெட்டினாங்க.

அப்புறம் ரெண்டு தடவ குடியுரிமைக்கு மனு போட்டோம். முதல் தடவ கிடைக்கல. ரெண்டாவதுக்குப் பதிலே வரல. ஓட்டு நாள்ல நாங்க எல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போவோம், அத்தை வீட்டுல இருந்து எங்களுக்குச் சமைப்பாங்க. ஒரு நாளும் குறை சொன்னதில்ல.

தோட்டத்த வித்து வீடமைப்பு வந்தப்ப, கோயில் இப்ப இருக்கிற இடத்துக்கு மாறுச்சு. 60 வயசு தாண்டின அத்தை, பழைய அடித்தளத்துலேர்ந்து ஒரு கல்லாவது எடுத்துட்டு வாங்கடான்னு பிடிவாதம் பிடிச்சாங்க. மடப்பள்ளி வாசப்படிக்கு இடது பக்கம் இருக்கிற கருங்கல்லு அதுதான். தினமும் அதுல கால் வெச்சுத்தான் உள்ள போறோம்.

2012-ல, 79 வயசுல, சிவப்பு ஐசியோடவே அத்தை போயிட்டாங்க. இந்த நாட்டுல 61 வருஷம் இருந்தாங்க. ஊர்லேர்ந்து கொண்டு வந்த செம்புலதான் இன்னும் வெள்ளிக்கிழமை அம்மனுக்குப் பால் எடுத்து வைக்கிறோம். அத்தை பேர் முதல்ல மலர்லதான் வரணும்னு பிள்ளைங்க ஆசைப்படுறாங்க, அதனால இங்க போடல.

உங்க எல்லார்கிட்டயும் ஒரு வேண்டுகோள். உங்க பாட்டி, அத்தை, பெரியம்மா யாராவது அந்தத் தோட்டத்துல இருந்திருந்தா, பேர், ஊர், வந்த வருஷம், கப்பல், செஞ்ச வேலை, கோயிலுக்குச் செஞ்ச தொண்டு, இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி ஆபீஸ்ல கொடுங்க. பழைய பாஸ்போர்ட், ஐசி இருந்தா படம் எடுத்துட்டு உங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுவோம். எழுத முடியாதவங்க வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் என்கிட்ட வந்து சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். கல்லு சுமந்தவங்கள்ல இப்ப நம்மோட இருக்கிறது மூணே பேர். எல்லாரும் 85-ஐத் தாண்டினவங்க. இந்த ஆடிக்குள்ள அவங்களையும் உட்கார வெச்சுக் கேட்டுடணும்.

ஓம் சக்தி.